நான்காம் இடத்தைப் பற்றி ஒரு திருத்தம்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் எழுதுகிறவர்கள், பிழை திருத்துகிறவர்கள், பக்கம் போடுகிறவர்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் உடம்பளவில் நலம். மனதளவில் நான் ஒருவன் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது அவசரத்தில் வந்துவிட்ட வார்த்தை. உண்மையான காரணம் வேறு ஒரு ஆள். அந்த ஆள் யாரென்று இப்போதே சொன்னால் தாங்கள் இந்தக் கடிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிடக்கூடும் என்பதால் போகப் போகச் சொல்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் தாங்கள் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டீர்கள். படித்து முடித்துப் போனவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை வைத்து நூறு கல்லூரிகளை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். அதில் நான்காம் இடம் தவறு. வருகிற புதன்கிழமை இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிட்டால் தங்களுக்குக் கோடிப் புண்ணியம். புதனைத் தாண்டினால் பிரயோஜனம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு என் மகள் கல்லூரி விண்ணப்பத்தில் மாற்றம் செய்யும் அவகாசம் முடிகிறது. அதே வெள்ளிக்கிழமை என் மகன் தன் வேலையை ராஜினாமா செய்யப்போகிறான். இரண்டுக்கும் காரணம் அந்த நான்காம் இடம்தான்.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடி வீடு, ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் கம்பெனி என்னைத்தான் அனுப்பும். என் மனைவி மருந்துக் கடை கவுன்ட்டரில் இருக்கிறாள். டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிறவள், என் மூஞ்சியைப் படிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். பெரியவன் படித்தது கம்ப்யூட்டர். வேலை பார்ப்பது காது மெஷின் விற்கும் கடையில். காது கேட்காதவர்களுக்கு அந்த மெஷினைப் பொருத்தி, எவ்வளவு சத்தம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுக்கிறான். சம்பளம் மாதம் இருபத்திரண்டாயிரம். சின்னவள் இந்த வருடம்தான் பள்ளிப் படிப்பை முடித்தாள். பிசியோதெரபி படிக்க வேண்டும், விழுந்தவர்களை நடக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவள் விரும்பிய கல்லூரி தங்கள் வரிசையில் அறுபத்தொன்றாம் இடம்.

தங்கள் சிறப்பிதழை நான் கடையில் நின்றபடியே பிரித்தேன். பிரித்தவன் அப்படியே ஆடிப்போய்விட்டேன். போன வருடம் முப்பத்தெட்டாம் இடத்தில் இருந்த ஒரு கல்லூரி நான்காம் இடத்துக்கு வந்திருக்கிறது, அது பெரியவன் படித்த கல்லூரி! சராசரிச் சம்பளம் மாதம் அறுபதாயிரம். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘வியக்க வைக்கும் பாய்ச்சல், இங்கே படித்த ஒரு மாணவர் இன்று வாங்குவது மாதம் மூன்று லட்சம்’ என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். அந்த மூன்று லட்சத்தைப் பார்த்ததும் எனக்கு, எங்கேயோ பழகிய முகத்தைத் தெருவில் பார்த்தால் யாரென்று பிடிபடாமல் ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. ஆனால் நான் அதை யோசிக்கவில்லை. பெரியவன் மேல் கோபம்தான் வந்தது. கூடப் படித்தவன் சராசரியாக அறுபது வாங்கும்போது இவன் மட்டும் இருபத்திரண்டில் நிற்கிறானே என்று வயிறு எரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து, நான்காம் இடத்துக்கு மஞ்சள் மையில் கோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போனாலும் அது கண்ணில் படவேண்டும் என்பது என் திட்டம்.

பட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. “மூணு லட்சம் வாங்கறவன் உன் கூடத்தானடா படிச்சிருப்பான்? யாருன்னு விசாரி. அவன்கிட்டப் போய் வழி கேளு” என்றேன். நல்ல பிள்ளை ஐயா அவன், எதிர்த்துப் பேசமாட்டான். தினமும் வேலை முடிந்து வந்து, கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டான். இரண்டு வாரம் தேடினான். “யாருக்குமே தெரியலப்பா. எல்லாரும் அவனைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க” என்றான். “ஒரே வகுப்புல மூணு வருஷம் உக்காந்திருக்க, அப்படி ஒரு கெட்டிக்காரன் இருந்ததே உனக்குத் தெரியல. இதுல தெரியுது உன் லட்சணம்” என்று நான் சொன்னேன். சொன்னேன் ஐயா, இந்த வாயால்தான் சொன்னேன். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் அவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு மெஷின் மாட்டினதும் அது அம்மா குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்ததைச் சொன்னான். அதற்கு நான், “அதுக்குக் கூட ஏதாவது குடுப்பாங்களா?” என்று கேட்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். “சராசரி சராசரின்னு பையனை சாகடிக்கிறீங்க. எங்க கடையில சராசரி பார்த்தா மருந்து குடுக்கறோம்? அவங்கவங்க சீட்டுக்கு என்னவோ அதான்” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூத்தவன் விஷயத்தில் தவறவிட்டதைச் சின்னவள் விஷயத்தில் பிடித்துவிட வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினேன். “நாலாவது இடத்தை விட்டுட்டு அறுபத்தோராவது இடத்துல போய் எவளாவது சேருவாளா? விண்ணப்பத்துல அண்ணன் படிச்ச காலேஜை முதல்ல போடு” என்றேன். அவள் விளக்கம் சொல்லப் பார்த்தாள். “அப்பா, நான் கேக்கற காலேஜ்ல எல்லாருமே பிசியோதெரபியும் நர்ஸிங்கும்தான் படிக்கறாங்க. அந்த வேலைக்கு எங்க போனாலும் ஆரம்பச் சம்பளம் அவ்வளவுதான். காலேஜ் மோசம்னு அர்த்தம் இல்லப்பா” என்றாள். நான் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினேன். மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள், “போட்டுட்டேன்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் பெரியவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அடுக்குமாடி வீடு விற்கிற கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். சம்பளம் கிடையாது, கமிஷன்தான். மாதத்துக்கு ஒரு வீடு விற்றால் அறுபதுக்கு மேல் வருமாம், விற்காவிட்டால் கையில் ஒன்றும் வராது. வருகிற வெள்ளிக்கிழமை காது மெஷின் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கடுத்த திங்கட்கிழமை சேரப்போகிறான். “உனக்குக் காது மெஷின் வேலை பிடிச்சிருக்கேடா” என்று அவன் அம்மா கேட்டாள். “பிடிச்சா போதுமாம்மா? சராசரியையாவது எட்டணும்ல” என்றான். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் புத்தி வந்துவிட்டதே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் தங்களிடம் மறைக்கவில்லை.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையில் கம்பெனியிலிருந்து போன். ஒரு கல்லூரியில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள், உடனே ஓடு என்றார்கள். முகவரியைப் பார்த்தால் பெரியவன் படித்த கல்லூரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் ஒரே கூட்டம், எல்லாம் பெற்றோர்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் புதிதாகக் கட்டிய ஒரு பேனர். ‘எங்கள் பெருமை! மாதம் 3,00,000!’ என்று எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோ. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, என் அம்மாவின் மூக்கு, முதல் வருடம் சேரும்போது நான் வாங்கிக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. என் பெரியவன்!

ஐயா, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்து, “மெக்கானிக்தானே? மேல வாங்க, உள்ள ஆளுங்க கத்திக்கிட்டிருக்காங்க” என்று இழுத்தார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. எட்டுப் பேர் லிஃப்டில் பதினொரு பேர் ஏறியிருக்கிறார்கள். எடை கூடினால் மணி அடித்து லிஃப்ட் நகரவே நகராதே, எப்படி நகர்ந்தது என்று கேட்டேன். “காலையிலேருந்து மணி விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். நாலாவது இடம் வந்ததுலேருந்து ஜனம் தாங்கல. அதான் மணிக்குப் போற வயரையே கழட்டி வெச்சுட்டோம்” என்றார் வாட்ச்மேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. மெயினை அணைத்துவிட்டு, மேலே மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிஃப்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். பதினொரு பேரும் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். ஒருத்தராவது இந்த லிஃப்டைப் பற்றியோ உயிரைப் பற்றியோ பேசவேண்டுமே! “வேலைவாய்ப்பு ஆபீசர் ரூம் நாலாவது மாடிதானே? படி எங்க இருக்கு?” என்றுதான் கேட்டார்கள்.

கடைசியாக வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் மாதாமாதம் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் செக்ரட்டரி அவர். கூட அவருடைய இரண்டாவது பையன். “உங்க பையன் படிச்ச காலேஜ்னு தெரிஞ்சதுமே முடிவு பண்ணிட்டேன். மூத்தவனைத் தப்பான காலேஜ்ல போட்டுட்டேன், இவனையாவது உங்க பையன் மாதிரி ஆக்கணும்” என்றார். இங்கேதான் ஐயா எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த மூன்று லட்சம் யாருடைய மூன்று லட்சம் என்று அப்போதுதான் தெரிந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் ஓடி வந்த களைப்பு என்று நினைத்துச் செக்ரட்டரி எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

இனியும் மறைத்துப் பயனில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தச் செக்ரட்டரியின் கட்டடத்தில் லிஃப்டுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வழக்கம்போலத் தன் மூத்த பையன் புராணத்தை அளந்துகொண்டிருந்தார். மாதம் இரண்டே முக்கால் லட்சமாம், கம்பெனி காராம், தனி அறையாம். நான் இருபத்தாறு வருடமாக ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன், என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. இரண்டு கையிலும் கிரீஸ். செக்ரட்டரியே எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். பேசியது ஒரு பெண். “சார், காலேஜ்லேருந்து பேசறோம். உங்க பையன் நம்பர் மாறிப்போச்சு போல. அவருக்கு இப்ப என்ன சம்பளம்னு தெரிஞ்சா பதிவு பண்ணிப்போம்” என்றது. செக்ரட்டரி என் முகத்தையே பார்க்கிறார். “மூணு லட்சம்மா” என்று சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் பெரிய பொய் இல்லை ஐயா. வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் வருகிறது. கொஞ்சம் தூக்கிச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. “வருஷத்துக்கா சார், மாசத்துக்கா?” என்றது. செக்ரட்டரியின் புருவம் மேலே ஏறியது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, “மாசத்துக்குத்தாம்மா” என்றேன். புருவம் இறங்கவே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, இரண்டு மாடிப்படியை ஒரே எட்டில் தாண்டினேன். வீட்டுக்குப் போவதற்குள் மறந்தும்விட்டேன். சும்மா கேட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, அது பத்திரிகைக்குப் போகும், நூறு கல்லூரியைப் புரட்டிப் போடும், நான் காசு கொடுத்து வாங்கி என் வீட்டிலேயே ஒட்டிக்கொள்வேன் என்று கனவா கண்டேன்?

ஆனாலும் ஒரு ஆள் சொன்ன பொய்யில் ஒரு கல்லூரியே எப்படித் தூக்கும் என்று எனக்குச் சந்தேகம். என்னை யாரென்று சொல்லாமல், லிஃப்ட் வேலைக்குக் கையெழுத்து வாங்குகிற சாக்கில் வேலைவாய்ப்பு அதிகாரியின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், டீ கொடுத்தார். “மொத்தம் எத்தனை பேர் சார் படிச்சு முடிச்சாங்க?” என்றேன். “அறுநூத்தி நாப்பது.” “எத்தனை பேர் சம்பளம் சொன்னாங்க?” “ஒன்பது.” நான் டீயைக் கீழே வைத்தேன். “மத்தவங்க?” “பதில் சொல்லாதவங்க கணக்குல வரமாட்டாங்க சார்.” “வேலை கிடைக்காதவங்க இருப்பாங்களே?” அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சம்பளமே இல்லாதவங்களைச் சம்பளக் கணக்குல எப்படி சார் சேர்க்கறது?” என்றார். பிறகு, “அந்த மூணு லட்சம் வாங்கற பையனைக் கூட்டிட்டு வந்து ஒரு பாராட்டு விழா வைக்கணும், அவங்க அப்பா நம்பர் ஒண்ணுதான் இருக்கு, இன்னிக்கு கூப்பிடறேன்” என்று சொல்லிக்கொண்டே மேசையில் இருந்த போனை எடுத்தார். நான் கையெழுத்தும் வாங்காமல் எழுந்து வந்து, மாடிப்படியிலேயே என் போனை அணைத்துவிட்டேன். இன்றுவரை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். கம்பெனியில் என்னைக் காணோம் என்று தேடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் சின்னவளிடம் போய், யாரோ ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஒன்பது பேர் சராசரி அறுபதாயிரம், அதில் ஒருத்தன் மூன்று லட்சம் என்று சொன்னது பொய், உண்மையில் இருபத்திரண்டாயிரம், அப்படியானால் சராசரி என்ன ஆகும்? அவள் விரலை மடக்கி நீட்டாமல் அப்படியே சொன்னாள்: இருபத்தொன்பதாயிரத்து நூற்றுப் பதினொன்று. “ஒரே ஆள் பாதிக்கு மேல இறக்கிட்டானா?” என்றேன். “அதான்ப்பா சராசரி. ஒன்பது பேரையும் சம்பள வரிசையில நிக்க வெச்சு, நடுவுல நிக்கற அஞ்சாவது ஆள்கிட்ட எவ்வளவுன்னு கேட்டிருக்கணும். யார் எவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் அவன் பெரிசா அசைய மாட்டான்” என்றாள். எனக்குப் புரிந்தது ஐயா, எங்கள் தொழிலில் வருவதுதான். எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ என்று லிஃப்டில் தகடு அடித்திருக்கும். தலைக்கு அறுபத்தெட்டு கிலோ என்று சராசரி போட்டு எழுதினது. இந்த இருபத்தாறு வருடத்தில் அந்த அறுபத்தெட்டு கிலோ ஆள் ஒருத்தரும் என் லிஃப்டில் ஏறி நான் பார்த்ததில்லை. எலும்பும் தோலுமாக ஒருத்தர் ஏறுவார், பின்னாலேயே மலை மாதிரி ஒருத்தர் ஏறுவார். இது தெரிந்த நான், அறுபதாயிரம் சம்பளக்காரனைத் தேடிக்கொண்டு என் பிள்ளையை அலையவிட்டேன்.

பிறகு அவள் போகட்டும் என்று காத்திருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தங்கள் பட்டியலின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தை ஒரு மாதத்தில் முதல் முறையாகப் படித்தேன். கல்லூரிகள் கொடுத்த தகவல் என்று போட்டிருக்கிறீர்கள், பதில் சொன்னவர்கள் எண்ணிக்கையும் போட்டிருக்கிறீர்கள், குறையே சொல்ல முடியாது. நான்காம் இடத்தில் ஒன்பது பேர். சின்னவள் கேட்ட அறுபத்தொன்றாம் இடத்தில் இருநூற்று முப்பது பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதிகச் சம்பளம் முப்பத்தோராயிரம், குறைச்சல் இருபத்துமூவாயிரம், சராசரி இருபத்தாறாயிரம். கடைசியில் நிற்கிற பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. முதலிடத்துக் கல்லூரியின் ஆகப்பெரிய சம்பளக்காரரோ, தாங்களே எடுத்த பேட்டியில், தன் அப்பாவின் கம்பெனியில் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். அங்கே கல்லூரிக்கு என்ன வேலை, அப்பாவுக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் முதல் நாளே படித்திருக்கலாம்.

சரி, தெரிந்துவிட்டது இல்லையா, பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்பீர்கள். மூன்று நாளாக அதற்குத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை பெரியவன் அறை வாசல் வரை போனேன், உள்ளே அவன் கண்ணாடி முன்னால் நின்று, “சார், உங்க குடும்பத்துக்கு ஏத்த வீடு” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான், திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொண்டையைக் கனைத்தேன், மனைவி இருமல் மருந்து கொடுத்தாள். நேற்று சின்னவளிடம், “ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தேன். “அதான் நீங்க சொன்னதையே போட்டுட்டேனேப்பா, இன்னும் என்ன?” என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டபின், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நூறு அடி உயரத்தில் லிஃப்ட் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் பயப்படாதவன், பெற்ற பிள்ளைகளிடம் ‘நான் பொய் சொன்னேன், அந்தப் பொய்யை வைத்தே உங்களை அடித்தேன்’ என்று சொல்லப் பயந்து சாகிறேன். என் சம்பளத்தை அப்பா வெட்கப்பட்டு மறைத்தார் என்று பெரியவன் நினைத்துவிட்டால் அதை நான் எப்படி அழிப்பேன்?

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. புதன்கிழமை இதழில், ‘நான்காம் இடம் பற்றிய தகவலில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்’ என்று இரண்டே வரி போட்டுவிடுங்கள். யாரால் பிழை என்று போட வேண்டாம். மூன்று லட்சத்தையும் இருபத்திரண்டாயிரத்தையும் போட வேண்டாம். பத்திரிகையே சொல்லிவிட்டது என்று நான் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைக் கிழித்துவிட்டு, புது வரியை ஒட்டிவிடுவேன். சின்னவள் விண்ணப்பத்தை மாற்றுவாள், பெரியவன் வேலையை விடமாட்டான், செக்ரட்டரி வேறு கல்லூரி பார்ப்பார், நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. இதற்காகத் தங்கள் அலுவலக லிஃப்டை ஆயுள் முழுக்க இலவசமாகப் பார்த்துத் தர நான் தயார். மாடி இல்லாத அலுவலகமாக இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, மனசுக்குப் பிடித்த வேலையில் அமர்ந்து, அவர்கள் சம்பளத்தை யாரும் கேட்காத ஒரு நல்ல வாழ்வு வாழட்டும். தங்கள் பத்திரிகை ஓங்கி வளரட்டும், அடிக்குறிப்புகள் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வரட்டும்.

தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
பெயர் போட விரும்பாத ஒரு லிஃப்ட் மெக்கானிக்

பின்குறிப்பு: மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள் ஐயா. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் வெளியே போயிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மூன்று பேரும் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார்கள். “எப்ப வந்தீங்க?” என்றேன். “எல்லாரும் நலமா இருக்கணும்னு ஆரம்பிச்சீங்களே, அப்பவே” என்றாள் மனைவி.

பெரியவன் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினான். அப்புறம், “ரெண்டு வாரம் அவனைத் தேடினேன்ப்பா” என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருடா” என்றேன். அவனிடம் அந்த வார்த்தையை இதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை. அவன் கடிதத்தை இழுத்துப் படித்துப் பார்த்தான். “ஒரு தப்பு இருக்குப்பா. இருபத்திரண்டு இல்ல. ரெண்டு மாசமா இருபத்தி நாலு. கடையில கூட்டிக் குடுத்திருக்காங்க” என்றான். “அடப்பாவி, ஏன்டா சொல்லல?” என்றேன். “எப்படிப்பா சொல்றது? சொன்னா, சராசரி அறுபதுன்னு சொல்லுவீங்க” என்றான்.

வீடு விற்கிற கம்பெனிக்கு வரவில்லை என்று போன் செய்துவிட்டான். சின்னவள் என் கண் முன்னாலேயே விண்ணப்பத்தில் அறுபத்தொன்றை முதலில் போட்டுவிட்டாள். நாளை காலை செக்ரட்டரியிடம் போகிறேன், துணைக்கு அவளும் வருகிறாளாம். அதனால் எங்களுக்காகத் திருத்தம் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த லிஃப்டில் மாட்டிய பதினொரு பேருக்காகவாவது போடுங்கள், யாரால் பிழை என்பதையும் போடுங்கள், என் முகவரியைக் கடித உறையில் எழுதியிருக்கிறேன். போடும்போது தயவுசெய்து இருபத்திரண்டு என்று போட்டுவிடாதீர்கள். என் பையன் சம்பளம் மாதம் இருபத்து நான்காயிரம்.